காலைப் பலகாரத் தலைநகரம்

அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சொல்வார்கள். நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களைப் பற்றிச் சொல்வார்கள். கொஞ்சம் துணிச்சல்காரர்கள், கிராண்ட் கான்யன் என்ற மகா பள்ளத்தின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்து நம் வயிற்றைக் கலக்குவார்கள். நானும் அமெரிக்காவுக்குப் போனேன். சிரத்தையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது, அந்த நாட்டுக் குழந்தைகளின் காலைப் பலகாரம் பிறந்த ஊரை! இதற்கெல்லாம் காரணம் என் பேத்திதான்.

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்த ஒரு பேட்டையில் என் மகன் குடியிருக்கிறான். 2025 அக்டோபரில் நான் அங்கே இருந்தேன். வாசலில் மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறி, கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன. ஆனால் அதைவிடப் பெரிய வர்ணஜாலம் வீட்டுக்குள் சாப்பாட்டு மேஜைமேல் தினந்தோறும் நடந்தது. ஆறு வயதுப் பேத்தியின் முன்னால் ஒரு கிண்ணம்; கிண்ணத்தில் பால்; பாலில் சிவப்பு, பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று சின்னச் சின்ன வளையங்கள். ஐந்து நிமிஷம் போனால் பாலே ஹோலிப் பண்டிகை கொண்டாடிவிடும். இதற்குச் 'சீரியல்' என்று பெயர். (நம் வீட்டுப் பெண்மணிகள் ராத்திரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பது வேறு, இது தானியத்தில் செய்தது.)

"இது என்ன கண்ணு, வளையல் துண்டு மாதிரி இருக்கே?" என்று கேட்டேன்.

"ஐயோ தாத்தா! இது ஃப்ரூட் லூப்ஸ். இதிலே எல்லா ஃப்ரூட்டும் இருக்கு" என்றாள். டப்பாவின்மேல் நீண்ட மூக்குடன் ஒரு பறவை அவள் கட்சியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் விலாப்புறத்தைப் படித்தேன். சோள மாவு, சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, எண்ணெய், உப்பு, நான்கு விதச் சாயம். பழம் மட்டும் எங்கும் அகப்படவில்லை. பெயரிலுள்ள ஆங்கிலப் 'பழ'த்தைக்கூட அகராதியில் இல்லாத எழுத்துக்களைப் போட்டுத்தான் அச்சடித்திருக்கிறார்கள். இதைப் பற்றிக் கலிபோர்னியாவில் வழக்கே நடந்தது. நியாயமாக யோசிக்கிற நுகர்வோர் யாரும் இதில் பழம் இருப்பதாக நினைக்கமாட்டார் என்று 2009-ல் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஆறு வயதுக்காரி எவளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை போலிருக்கிறது.

விலாப்புறத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. ஒரு வேளை அளவு 39 கிராம். அதில் சேர்த்த சர்க்கரை 12 கிராம். மூன்று தேக்கரண்டி. குழந்தைகளுக்கு ஒரு நாள் முழுவதற்குமே சேர்த்த சர்க்கரை 25 கிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க இருதய சங்கத்தார் 2016-ல் சொல்லியிருக்கிறார்கள். பேத்தியோ 39 கிராமோடு நிறுத்துகிற ரகம் இல்லை. போன மாதம்தான் அவளுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களை அடைத்திருந்தார்கள். நான் இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரன். என் மகனுக்கு நாற்பது வயது ஆகவில்லை. டாக்டர் அவனை 'எல்லைக் கோட்டில்' நிறுத்தி வைத்திருக்கிறார். எனக்குச் 'சுரீர்' என்றது.

மருமகளிடம் மெள்ளப் பேச்சை எடுத்தேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறரைக்கு வேலையில் இருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியாதா, மாமா? இட்லிக்கு அரைச்சு வெச்சுடலாம். ஆனா காலையிலே இவளை உட்கார வெச்சு ஊட்ட யார் இருக்கா? இவரும் ஏழு மணிக்கெல்லாம் ஓடணும். இதுன்னா அவளே கொட்டிண்டு, அவளே பாலை ஊத்திண்டு சாப்பிட்டுடறா. விட்டமின் எல்லாம் போட்டிருக்குன்னும் எழுதியிருக்கே!"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டப்பாவைத் திருப்பி வைக்கும்போது விலாசம் கண்ணில் பட்டது: பேட்டில் கிரீக், மிச்சிகன்.

"இங்கேருந்து சிகாகோ போற ரோட்டிலேதான் இருக்கு, அப்பா. ரெண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வந்துடலாம்" என்றான் மகன்.

போனோம்.

ஐம்பதாயிரம் பேர் வசிக்கிற ஊர். கலமசூ ஆற்றோடு ஒரு சிற்றாறு வந்து கலக்கிறது. அந்தச் சிற்றாற்றின் பெயர்தான் ஊருக்கும். 'போர் ஓடை' என்று நாம் மொழிபெயர்க்கலாம். ஊருக்குள் நுழைந்ததும் மூக்குக்குத்தான் முதல் வரவேற்பு. சோளப்பொரி வறுக்கிற வாசனையும் வெல்லப் பாகு வாசனையும் கலந்து வருகிறது. திருவிழாக் கூட்டத்தில் பொரி கடலைக் கடை பக்கம் போனால் வருமே, அதே மாதிரி! தொழிற்சாலை எங்கே என்று வழி கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துக் காட்டி, ஆளுக்கொரு சின்ன டப்பாவும் கொடுத்து அனுப்புவார்களாம். 1986-ல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். பிறகு 1998-ல் ஊர் நடுவே 'சீரியல் சிட்டி' என்று ஒரு காட்சிசாலை திறந்தார்கள். 2007-ல் அதையும் மூடிவிட்டார்கள்.

நான் முக்கியமாகப் பார்க்க நினைத்தது வேறு. அரண்மனை மாதிரித் தூண்களும் கோபுரமுமாக நிற்கிற ஒரு பெரிய மாளிகை. இன்று அதில் அமெரிக்க சர்க்காரின் காரியாலயங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையாதலால் வெளியிலிருந்தே தரிசனம் செய்துகொண்டோம். இங்கேதான் உலகப் பிரசித்தமான பேட்டில் கிரீக் சானடோரியம் நடந்தது.

அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையார் 1866-ல் இந்த ஊரில் ஒரு சிறு வைத்தியசாலை தொடங்கினார்கள். 1876-ல் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற இளம் டாக்டர் அதன் தலைமையை ஏற்றார். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தாடி என்று பின்னால் பிரசித்தி பெற்றவர். மாமிசம் கூடாது, மது கூடாது, புகையிலை கூடாது, காப்பி கூடாது, காரம் கூடாது, சர்க்கரையையும் கிட்டத்தில் சேர்க்கக் கூடாது. (காப்பி கூடாது என்ற இடத்தில் எனக்கு அவரிடம் இருந்த மரியாதை சற்றே ஆட்டம் கண்டது.) பணக்காரர்களும் பிரபலங்களும் பணம் கொடுத்து இங்கே வந்து பத்தியம் இருந்தார்கள். மோட்டார் மன்னர் ஹென்றி ஃபோர்டு கூட வந்திருக்கிறார். ஊரிலுள்ள அட்வென்டிஸ்ட் கிராமம் என்ற பழைய வீடுகளின் தொகுப்பில் டாக்டருக்கு ஒரு காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். உடம்பைக் குலுக்கும் நாற்காலி, விளக்கு வெளிச்சத்தில் குளிக்கும் பெட்டி என்றெல்லாம் அவர் கண்டுபிடித்த சாதனங்கள் ஏராளம். டாக்டரைப் பெரிய மகானாக நினைத்துவிட வேண்டாம். மனிதர்களில் உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பேசிய கூட்டத்துக்கு அவர் ஒரு தூணாக இருந்தார். அந்தக் கறையைப் பிற்காலத்தார் மறைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மனிதர் பிடிவாதக்காரர்.

நோயாளிகளுக்கு எளிதில் ஜீரணமாகும் தானிய உணவு தேவைப்பட்டது. டாக்டரும், சானடோரியத்தில் கணக்கு வழக்குப் பார்த்துவந்த அவருடைய தம்பி வில் கெல்லாக்கும் சமையலறையில் பரிசோதனை செய்துகொண்டே இருந்தார்கள். 1894-ல் ஒரு நாள், வேகவைத்த கோதுமை ஊறிக் கிடந்துவிட்டது. வீணாக்க மனமில்லாமல் உருளைகளுக்கு நடுவே விட்டுத் தள்ளியபோது, ஒவ்வொரு மணியும் தனித்தனிச் செதிலாக வந்து விழுந்தது! நம் ஊர் அவலுக்கு ஒன்று விட்ட தம்பி பிறந்தான். அடுத்த வருஷமே டாக்டர் காப்புரிமைக்கு மனுப் போட்டார். 1896-ல் கிடைத்தது. அதில் சர்க்கரை இல்லை. கார்ட்டூன் இல்லை. குழந்தைகளுக்காகச் செய்ததுமில்லை. வயிற்றுக் கோளாறுக்காரர்களின் பத்தியச் சாப்பாடு, அவ்வளவுதான்.

சி. டபிள்யூ. போஸ்ட் என்ற வியாபாரி 1891-ல் நோயாளியாக இந்தச் சானடோரியத்துக்கு வந்தவர். உடம்பு தேறியதோ இல்லையோ, புத்தி தேறியது. சமையலறையைக் கவனித்துக்கொண்டு போய், அதே ஊரில் தொழிற்சாலை வைத்தார். விளம்பரத்தில் பணத்தை வாரி இறைத்தார். பெரிய கோடீசுவரர் ஆனார். அவரைப் பார்த்து ஊரெங்கும் தானியக் கம்பெனிகள் காளான் மாதிரி முளைத்தன. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தம்பி வில்லின் வயிறு எரிந்தது. அண்ணனுடன் இருந்தால் காலமெல்லாம் கணக்கெழுதிக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று 1906-ல் சொந்தமாகச் சோள அவல் கம்பெனி ஆரம்பித்தார். ருசிக்காகச் சர்க்கரையையும் சேர்த்தார். அண்ணாவுக்கு அது மகா பாபமாகப் பட்டது. பிறகு குடும்பப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1920-ல் தம்பி ஜெயித்தார். அண்ணன் தம்பி உறவு அத்துடன் போயிற்று.

தம்பி போட்ட சர்க்கரை சொற்பம். இன்றைக்கும் சாதாரணச் சோள அவலில் ஒரு வேளைக்கு 4 கிராம்தான். அவர் கண்டுபிடித்த பெரிய விஷயம் சர்க்கரை அல்ல, குழந்தை! 1909-ல் அவலுடன் 'வேடிக்கை வனம்' என்ற மிருகப் படப் புஸ்தகத்தை இனாமாகக் கொடுத்தார். தாளைப் புரட்டினால் யானைத் தலையும் கரடி உடம்புமாக மாறி மாறி வரும். குழந்தைகள் அவலுக்காகவா அம்மாவைப் பிடுங்கியிருப்பார்கள்? அன்று பிடித்த நூலை அந்தத் தொழிலில் யாரும் இன்றுவரை விடவில்லை. 1930-களில் ரேடியோவில் கதை, 1950-களில் டெலிவிஷனில் சூப்பர்மேன், டப்பாவுக்குள் பேக்கிங் பவுடர் போட்டால் மூழ்கி எழும் குட்டி நீர்மூழ்கிக் கப்பல்! 1955-ல் சிகாகோவிலுள்ள குவேக்கர் கம்பெனி எல்லோரையும் தூக்கி அடித்துவிட்டது. டப்பாவுக்கு ஒரு பத்திரம் வீதம், கனடாவின் யூக்கான் பிரதேசத்தில் ஒரு சதுர அங்குல நிலம் சாஸனம் செய்து கொடுத்தது. கொடுத்த பத்திரங்கள் 2 கோடியே 10 லட்சம்! வரி பாக்கிக்காக 1965-ல் கனடா சர்க்கார் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. பாக்கி எவ்வளவு தெரியுமா? 37 டாலர் 20 செண்ட்.

சர்க்கரை பெருக்கெடுத்து வந்தது இரண்டாவது மகா யுத்தத்துக்குப் பிறகுதான். 1949-ல் போஸ்ட் கம்பெனி சர்க்கரை பூசிய கோதுமைப் பொரியை இறக்கியது. கெல்லாக் கம்பெனி சும்மா இருக்குமா? 1952-ல் சர்க்கரைப் பனி படர்ந்த சோள அவல். அதை விற்க டோனி என்ற புலி. 1953-ல் வந்த ஒன்றில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை! அந்த நாளில் பெயரிலேயே 'சர்க்கரை' என்று கொட்டை எழுத்தில் போட்டுப் பெருமையாக விற்றார்கள். ஜனங்களுக்குப் பயம் பிடித்த பிறகு, 1980-களில் அந்த வார்த்தை டப்பாவின் முகப்பிலிருந்து மறைந்தது. உள்ளே இருந்தது மறையவில்லை. 2011-ல் ஒரு சுற்றுச்சூழல் சங்கத்தார் 84 வகைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது, 'தேன்' என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த 1953-ஆம் வருஷத்துப் பேர்வழிதான் ஏறக்குறைய 56 சதவிகிதத்துடன் முதலிடத்தில் நின்றது.

செய்முறையைக் கேட்டால் மருமகள் சொன்ன விட்டமின் கதையும் விளங்கிவிடும். சோளத்தின் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு நொய்யாக்கி, நீராவியில் வேகவைத்து, உருளையில் நசுக்கி வறுத்தால் அவல். மாவாகப் பிசைந்து அச்சில் பிழிந்து உப்ப வைத்தால் வளையம். நம் முறுக்கு அச்சுக்குப் பெரியப்பா முறை இயந்திரம்! பிறகு சுழலும் பீப்பாயில் போட்டுச் சர்க்கரைப் பாகைத் தெளிப்பார்கள். தவிட்டோடும் முளையோடும் போன சத்துக்குப் பதிலாக விட்டமின்களையும் இரும்பையும் சேர்ப்பார்கள். அது பொய் இல்லை. பல டப்பாக்களில் சேர்ப்பது நிஜ இரும்புத் தூளேதான். அவலைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் காந்தத்தால் துழாவினால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். நானே செய்து பார்த்தேன். சோகை பிடித்த குழந்தைக்கு அந்த இரும்பு உபயோகம்தான். ஆனால் இரும்பைச் சாப்பிட மூன்று கரண்டி சர்க்கரையை ஏன் விழுங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை என்னைவிடப் பெரியவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1970 ஜூலையில் ராபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட் கமிட்டியின் முன்னால் வந்து, 60 வகைகளைத் தரவாரியாக அடுக்கி, அவற்றில் 40-க்கு வெறும் வயிற்றை நிரப்பும் யோக்கியதைதான் உண்டு என்று போட்டு உடைத்தார். அவர் டாக்டர் இல்லை, என்ஜினீயர்! 1978-ல் மத்திய வர்த்தகக் கமிஷன், சிறு குழந்தைகளுக்கு டெலிவிஷனில் விளம்பரம் செய்வதையே தடுக்க யோசித்தது. கம்பெனிகள் கூக்குரல் எழுப்பின. சர்க்கார் என்ன, தேசத்துக்கே ஆயாவா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. காங்கிரஸ் சபை 1980-ல் கமிஷனின் கையைக் கட்டிப்போட்டது. 2009-ல் ஏல் சர்வகலாசாலையார் பார்த்தபோது, குழந்தைகளுக்கு என்று விளம்பரமாகும் வகைகளில், பெரியவர்கள் சாப்பிடும் வகைகளைவிடச் சர்க்கரை 85 சதவிகிதம் அதிகமாகவும் நார்ச்சத்து 65 சதவிகிதம் குறைவாகவும் இருந்தன. பெரியவர்களுக்குத் தவிடு, குழந்தைக்குச் சர்க்கரை!

மற்ற தேசங்கள் இத்தனை தாட்சண்யம் பார்க்கவில்லை. சிலி தேசத்தில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த டப்பாவில் கறுப்பு எண்கோண முத்திரை குத்த வேண்டும். கார்ட்டூன் படம் கூடாது. புலி காடேறியது. மெக்ஸிகோ 2021-ல் அதே வழியில் போனது. இங்கிலாந்தில் கடையின் முகப்பில் இவற்றை அடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, பாலுடன்தானே சாப்பிடுகிறார்கள், பாலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்று கம்பெனி வழக்காடியது. 2022-ல் நீதிபதி ஒப்பவில்லை. அமெரிக்காவிலேயே இன்னொரு விநோதம்: ஏழைத் தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் சர்க்கார் கொடுக்கிற உணவுத் திட்டத்தில், ஒரு அவுன்ஸுக்கு 6 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள சீரியலைச் சேர்ப்பதில்லை. பேத்தியின் வளையங்களுக்கு அங்கே இடம் இல்லை!

பேட்டில் கிரீக் கடைத்தெருவில் ஒரு பெரிய அங்காடிக்குள் போய்ப் பார்த்தோம். சீரியலுக்கென்றே ஒரு நீண்ட வரிசை. தவிட்டு வகைகளும் சாதா ஓட்ஸும் மேல் தட்டில், என் கண்ணுக்கு நேராக. புலி, பறவை, முயல் எல்லாம் கீழ்த் தட்டுக்களில், பேத்தியின் கண்ணுக்கு நேராக. அவள் ஓடிப் போய்ப் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் பறவையைக் கட்டிக்கொண்டாள். நான் குனிந்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் மேல் தட்டு தெரியவே இல்லை.

2024 அக்டோபரில் இதே ஊரில், கம்பெனியின் தலைமைக் காரியாலயத்துக்கு முன்னால் ஜனங்கள் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் கனடா. அங்கே விற்கும் இதே வளையங்களுக்குப் பழம், காரட் சாற்றிலிருந்து நிறம். இக்கரையில் ரசாயனச் சாயம். இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். 2027 முடிவதற்குள் சாயத்தை விட்டுவிடுவதாகக் கம்பெனி 2025 ஆகஸ்டில் டெக்ஸாஸ் சர்க்கார் வக்கீலிடம் எழுதிக் கொடுத்தது. மறு மாதமே கம்பெனியை இத்தாலியின் ஃபெரேரோ மிட்டாய்க் கம்பெனி வாங்கிவிட்டது. சாயம் போகட்டும், சந்தோஷம். 12 கிராமைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நாம் சிரிப்பதற்கும் ரொம்ப இடமில்லை. 1994-ல் இதே கம்பெனி இந்தியாவுக்கு வந்தபோது, நாம் சுடச்சுடப் பாலை ஊற்றி அவலைக் கூழாக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினோம். பிறகு சாக்லேட் பூசிய வகை வந்தது. சென்னையில் என் மகள் வீட்டு அலமாரியில் அது ராகி மாவு டப்பாவுக்கு முன்னால் நிற்கிறது.

சாயங்காலம் திரும்பும் முன் ஓக் ஹில் மயானத்துக்குப் போனோம். அண்ணன், தம்பி, போஸ்ட் மூவரும் அங்கேதான் இருக்கிறார்கள். போஸ்டுக்குப் பெரிய கல் மண்டபம். அண்ணன் 1943-லும் தம்பி 1951-லும் காலமானார்கள். இருவருக்கும் அப்போது வயது 91. சாவதற்கு முன் அண்ணன் தம்பிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அண்ணன் போன பிறகே அது தம்பியின் கைக்கு வந்தது. தம்பி தம் செல்வத்தைக் கொண்டு 1930-ல் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தியிருந்தார். எதற்குத் தெரியுமா? குழந்தைகளின் க்ஷேமத்துக்கு! அவர் சமாதியில் ஒரு சூரியக் கடிகாரம். அதில் மண்ணிலிருந்து புழுவை இழுக்கும் ஒரு வெண்கலக் குருவி.

"தாத்தா, இந்தப் பறவையும் சீரியல் விக்குமா?" என்றாள் பேத்தி.

"இல்லை கண்ணு, இது காலைப் பலகாரம் சாப்பிடறது" என்றேன்.

மறுநாள் காலை மருமகளும் நானும் ஒரு சதி செய்தோம். சாதா ஓட்ஸ் வளையத்தை முக்கால் கிண்ணம் போட்டு, மேலே ஒரு பிடி மட்டும் வர்ண வளையம் தூவி வைத்தோம். மருமகள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பேத்தி வந்து உட்கார்ந்தாள். சிவப்பு, பச்சை, ஊதா என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு ஊறிப்போன மிச்சத்தோடு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"இது உனக்கு, தாத்தா. இதிலே சுகர் இல்லே."

கரண்டியை எடுத்துக்கொண்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.